அக்பருக்கு அப்போது ஐந்து வயது

மீராபாய் மறைந்ததாக வழக்கமாகச் சொல்லப்படும் காலம் 1546–47. அக்பர் பிறந்தது 1542 அக்டோபரில். எம்.எஸ். சுப்புலட்சுமி நடித்து 1945 தீபாவளிக்கு வெளிவந்த ‘மீரா’ படத்திலோ, மீராவின் புகழைக் கேள்விப்பட்டு அக்பர் சக்கரவர்த்தி அவருக்கு ஒரு முத்துமாலை அனுப்புகிறார். கணக்குப் பார்த்தால் மாலை அனுப்பியவருக்கு மிஞ்சிப்போனால் ஐந்து வயது. அவர் அரியணை ஏறுவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருந்தன.

இதை இயக்குநர் எல்லிஸ் ஆர். டங்கன் தலையில் கட்டிவிட முடியாது. பிரியாதாசர் 1712இல் ‘பக்தமால்’ நூலுக்கு எழுதிய உரையிலேயே அக்பர் தான்சேனைக் கூட்டிக்கொண்டு மீராவைப் பார்க்க வந்துவிடுகிறார். சினிமா பிறப்பதற்கு இரண்டு நூற்றாண்டு முன்பே அந்தக் காட்சி தயாராக இருந்தது. பாடுகிற பக்தருக்கு எதிரே ஓர் அரசர் வந்து நிற்க வேண்டும், அவர் கொடுப்பதைப் பக்தர் மறுக்க வேண்டும் அல்லது அதனால் துன்பப்பட வேண்டும் என்ற அச்சு நம் கதைசொல்லிகளிடம் வெகுகாலமாக இருக்கிறது. திரைப்படம் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

அதே படத்தில் இன்னொன்றும் நடந்தது. தமிழ் மீராவின் வாயிலிருந்து வந்து இன்றுவரை வீடுதோறும் ஒலிக்கும் ‘காற்றினிலே வரும் கீதம்’ கல்கி எழுதியது. பதினாறாம் நூற்றாண்டின் பாடலாசிரியர் ஒருவரைப் பற்றிய படம், அவருடையதல்லாத பாட்டினால் நினைவில் நிற்கிறது. முத்துமாலையைப் பற்றி வரலாற்று ஆசிரியர் முணுமுணுக்கலாம். பாட்டைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை. எனக்கோ இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இசையமைத்து வாழ்ந்த ஒருவரின் கதையைச் சொல்லும் படம் சம்பவங்களை மாற்றிக்கொள்ளட்டும். அந்த இசை எப்படி உண்டாயிற்று, அதை உண்டாக்கியவருக்கு யார் சோறு போட்டார்கள், யார் பாடம் பண்ணி அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தார்கள் என்பதில் கைவைக்கும்போதுதான் கற்பனைக்குக் கணக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு சில படங்களைப் பார்க்கலாம்.

மும்பைத் தமிழருக்கு இந்தக் கேள்வி சபா, சினிமா என்ற இரண்டு திசையிலிருந்தும் வருகிறது. சண்முகானந்தா சபா தொடங்கப்பட்டது 1952இல். சயான் பக்கத்தில் 2,700க்கும் மேற்பட்ட இருக்கைகளோடு அதன் அரங்கம் 1963இல் எழுந்தது. 1990இல் தீக்கிரையாகி 1998இல் மறுபடி திறந்தது. மாட்டுங்கா, செம்பூர்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் தியாகராஜரையும் தீட்சிதரையும் கேட்டு வளர்ந்தது அங்கேயும் செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலும்தான். கிங்ஸ் சர்க்கிள் அரோரா தியேட்டரோ தமிழ்ப் படங்களுக்குப் பேர்போனது. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் தாதர். அங்கே இருந்த ரஞ்சித் மூவிடோன்தான் 1943இல் கே.எல். சைகலை வைத்துத் ‘தான்சேன்’ எடுத்தது. பிருத்விராஜ் கபூரைப் போலவே சைகலும் மாட்டுங்காவில் குடியிருந்தவர். சபா பிறந்த அதே 1952இல் விஜய் பட்டின் ‘பைஜு பாவ்ரா’ வந்தது. அதுவும் தாதர் பிராட்வே தியேட்டரில் திரையிடப்பட்டது. லக்னோவிலிருந்து வந்த புதிதில் அந்தத் தியேட்டருக்கு எதிரே நடைபாதையில் படுத்துறங்கிய நௌஷாத், தன் படத்தை அங்கே பார்த்தபோது கண்கலங்கியதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

‘பைஜு பாவ்ரா’வின் உச்சக்காட்சி அக்பர் அவையில் நடக்கும் போட்டி. பைஜு பாட, தான்சேன் பாட, சலவைக்கல் உருகுகிறது, தான்சேன் தோற்கிறார். மரபு பைஜுவைக் குவாலியர் அரசர் மான்சிங் தோமரின் அவையோடு சேர்த்தே பேசுகிறது. மான்சிங் ஆண்டது 1486 முதல் 1516 வரை. அவர் இறந்து 26 ஆண்டுகள் கழித்துத்தான் அக்பர் பிறக்கிறார். ரேவா அரசரிடமிருந்து தான்சேன் அக்பரிடம் வந்து சேர்ந்தது 1562இல். ஆக அந்தப் போட்டி நடந்திருக்க வழியே இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கு போடுகிறவர்கள் காதை மறந்துவிடுகிறார்கள். தான்சேன் பாடியது துருபத் என்ற பழைய பாணி. படத்தில் அவருக்குக் குரல் கொடுத்தவர் உஸ்தாத் அமீர் கான், பைஜுவுக்கு டி.வி. பலுஸ்கர்; இருவரும் பின்னாளைய கயால் பாணியின் மாமேதைகள். கயால் அரசவையில் முதலிடம் பிடித்ததே பதினெட்டாம் நூற்றாண்டில், முகம்மது ஷா காலத்துச் சதாரங் போன்றவர்களால். தேசி ராகத்தில் அவர்கள் பாடும் அந்தப் போட்டிப்பாட்டு, மொகலாய உடை அணிந்த இருபதாம் நூற்றாண்டுக் கச்சேரி. நௌஷாதுக்கு இது தெரியாமல் இல்லை. 1952இல் திரையரங்குக் கூட்டத்தைத் துருபதுக்கு உட்கார வைக்க முடியாது என்பதும் அவருக்குத் தெரியும்.

1952 என்ற ஆண்டை இங்கே கவனிக்க வேண்டும். அந்த ஆண்டுதான் பி.வி. கேஸ்கர் செய்தி ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு மட்டம், சாஸ்திரிய சங்கீதமே உயர்வு என்று நம்பிய அவர் காலத்தில் அகில இந்திய வானொலியில் திரைப்பாடலுக்குக் கதவு அடைபட்டது. ரசிகர்கள் இலங்கை வானொலிக்குத் திரும்பினார்கள். அந்த நேரத்தில் ராகங்களால் நிறைந்த ஒரு படம் வெற்றி பெறுகிறது. அரண்மனை வித்வானை ஒரு நாட்டுப்புறப் பாடகன் வெல்கிறான். சினிமா இசைக்கும் சபா இசைக்கும் நடந்த சண்டையில் சினிமாவின் வாக்குமூலமாகவே அதை நான் படிக்கிறேன். பதினாறாம் நூற்றாண்டைப் பற்றிச் சொல்ல அதனிடம் எதுவும் இல்லை. 1952ஐப் பற்றி நிறையவே இருக்கிறது.

தியாகராஜர் விஷயம் இன்னும் சிக்கலானது. தான்சேனின் மெட்டு எதுவும் எழுத்தில் நமக்கு வந்து சேரவில்லை, அதனால் ரஞ்சித் மூவிடோனுக்குக் கை கட்டப்படவில்லை. தியாகராஜரின் கீர்த்தனைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவரோடு வாழ்ந்தவர்களின் எழுத்தும் இருக்கிறது. சித்தூர் வி. நாகையா தானே தயாரித்து, இயக்கி, பாடி, நடித்த தெலுங்குத் ‘தியாகய்யா’ 1946இல் வந்தது. 1981இல் பாபு இயக்கத்தில் ஜே.வி. சோமயாஜுலு நடித்த படம் வந்தது. ‘மீரா’வில் ராணாவாக நடித்தவரும் அதே நாகையாதான். அங்கே பக்தையின் கணவர், மறு ஆண்டு பக்தர்.

இந்தப் படங்கள் தரும் தியாகராஜரை நாம் எல்லோரும் அறிவோம். தஞ்சை மன்னர் சரபோஜியின் அழைப்பை மறுக்கிறார். நிதியா, ராமன் சந்நிதியா என்று பாடுகிறார். கோபம் கொண்ட தமையன் பூஜை விக்கிரகங்களைக் காவிரியில் எறிகிறார். தியாகராஜர் தேடித் திரிந்து மீட்கிறார். இது எங்கிருந்து வந்தது? வாலாஜாப்பேட்டை வேங்கடரமண பாகவதர் தியாகராஜரின் நேர்ச் சீடர். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதிவைத்த குறிப்புகள்தாம் நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய ஆதாரம். அந்தச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையின் காப்பில் வந்தவை. தொடக்கத்தில் சுருக்கமாக இருந்த வாழ்க்கைக் குறிப்பு, அடுத்தடுத்து எழுதியவர்கள் கையிலும் ஹரிகதை மேடையிலும் எப்படிச் சதை பிடித்தது என்பதை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் ஜாக்சன் 1990களின் தொடக்கத்தில் விரிவாக எழுதினார். ஒரு மனிதரின் வாழ்க்கை முன்னோர் மகான்களின் கதைகளோடு ஒத்துப்போகும்படி மெல்ல மெல்லத் திருத்தப்பட்டது. பிறந்த ஆண்டுகூட நெடுங்காலம் 1759 என்றும் 1767 என்றும் இரண்டாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகுதான் 1767 நிலைபெற்றது. நாகையா படமாக்கியது கதாகாலட்சேபத் தியாகராஜரை. அவருக்குக் கிடைத்த மூலமும் அதுதான்.

அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று கையை உதறுவதும் சோம்பேறித்தனம். காபி ராகக் கீர்த்தனையான ‘அந்யாயமு ஸேயகுரா’வில் தமையனால் தனக்கு நேர்ந்த துன்பத்தை அவர் ராமனிடம் நேராகவே முறையிடுகிறார். அண்ணன் கொடுமை ஹரிகதைக்காரரின் கற்பனை அல்ல; சாகித்தியத்திலேயே இருக்கிறது. காவிரியில் விக்கிரகம் எறிந்தது அந்தத் துன்பத்தின் மேல் பின்னால் கட்டிய மாடி. அஸ்திவாரம் எது, மாடி எது என்று பார்ப்பவருக்குத் தெரிந்தால் போதும், காட்சி இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அரசரை மறுத்த ஏழை பக்தர் என்ற ஒரே கோட்டில் கதையை இழுக்கும்போது, அந்தச் சங்கீதம் விளைந்த மண் காணாமல் போகிறது. தியாகராஜரின் குரு சொண்டி வேங்கடரமணய்யா தஞ்சை அரண்மனை வித்வான். தந்தை ராமபிரம்மம் அரண்மனையில் ராமாயணப் பிரசங்கம் செய்தவர் என்றே மரபு சொல்கிறது. திருவையாற்று வீடே அரசர் கொடுத்தது என்பார்கள். மராத்தி பேசும் மன்னர்கள், தெலுங்கு பாடும் வித்வான்கள், தமிழ் பேசும் ஊர், கம்பெனியார் கையில் ஆட்சி போய்விட்டதால் செய்வதற்கு வேறு வேலையில்லாமல் கலையிலும் நூலகத்திலும் மனத்தைச் செலுத்திய சரபோஜி. இதெல்லாம் சேர்ந்த தஞ்சாவூரில்தான் அந்தக் காது பயிற்சி பெற்றது. அவர் மன்னரைப் பாடவில்லை என்பது உண்மை. மன்னர்கள் வளர்த்த கலையில் தேறியவர் என்பதும் உண்மை. முதுமையில் சென்னைக்கு வந்தபோது கோவூர் சுந்தரேச முதலியார் என்ற செல்வர் அவரை உபசரித்தார். அந்தப் பயணத்தின் பயனாகவே கோவூர்ப் பஞ்சரத்தினம் நமக்குக் கிடைத்தது. ஆதரவு அரண்மனையிலிருந்து வணிகர், துபாஷிகளின் வீட்டுக்கு இடம் மாறிய காலம் அது. இன்று மாட்டுங்காவில் டிக்கெட் வாங்கியும் உறுப்பினர் சந்தா கட்டியும் கச்சேரி கேட்கிறோமே, அந்த ஏற்பாட்டின் முதல் படிகளில் கோவூரும் ஒன்று. படத்துக்கு எத்தனை அருமையான விஷயம்! திரைக்கதையில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. அரசரும் பக்தரும் எதிரெதிரே நின்றால் காட்சி தானே வந்துவிடுகிறது. துபாஷி வீட்டுத் திண்ணையில் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சீடர்களும் அப்படியே. படங்களில் கீர்த்தனை முழுதாகப் பிறக்கிறது. கண்ணை மூடுகிறார், தம்புரா ஒலிக்கிறது, பல்லவியிலிருந்து சரணம் வரை சங்கதிகளோடு வந்துவிடுகிறது. சீடர்கள் பின்னால் தாளம் போட்டுத் தலையாட்டுகிறார்கள். உண்மையில் வாலாஜாப்பேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சீட பரம்பரைகள் அந்தப் பாடல்களைத் தனித்தனியே காப்பாற்றின. ஒரே கீர்த்தனை பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் சங்கதியிலும் சிலவேளை ராகத்தின் சாயலிலுமே வேறுபடுகிறது. ‘குரு பாடியது எது’ என்று சீடர்கள் நடுவே எழுந்திருக்கக்கூடிய பிணக்கு எந்த ஹரிகதையையும் விட நாடகத்தன்மை கொண்டது. திருவையாற்றுத் தியாகராஜ ஆராதனையின் கதையும் அப்படித்தான். திருவையாற்றுச் சமாதியை 1920களில் தன் சொத்தையும் நகையையும் செலவிட்டு எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அங்கே பெண்கள் பாடக்கூடாது என்று தடுத்தபோது பெண்களுக்கென்றே தனி ஆராதனை நடத்தினார். கனராகப் பஞ்சரத்தினம் ஐந்தையும் கோஷ்டியாகப் பாடும் வழக்கம் நிலைபெற்றது 1940களில். நாகையாவின் படமும் அதே பத்தாண்டு. இன்று சண்முகானந்தாவிலும் செம்பூரிலும் ‘தொன்றுதொட்டு’ என்று நாம் நினைப்பதில் ஒரு பங்கு நம் பாட்டிகளின் இளமைக்காலத்தில் அமைந்தது.

இனி தாராவிப் பக்கம் வருகிறேன். சயான் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் சண்முகானந்தா, அந்தப் பக்கம் தாராவி. அங்கே தோல் பதனிடும் தொழிலைக் கொண்டுவந்து வளர்த்தவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த தமிழர்கள் முக்கியமானவர்கள். பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் போய்விட்டன. பை, பெல்ட், சட்டை விற்கும் தோல் கடைகள் சாலையோரத்தில் இன்றும் வரிசையாக இருக்கின்றன. நந்தனாரைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது.

சுந்தரர் நந்தனாரைப் பெயரளவில் குறிப்பிட்டு வணங்குகிறார். நம்பியாண்டார் நம்பி ஒரு பாட்டில் அவர் ஊர் ஆதனூர் என்று சொல்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார்தான் அவருக்குத் தொழிலும் வாழ்க்கையும் கொடுக்கிறார். சேக்கிழாரின் நந்தன், ஊரார் விட்ட மானிய நிலத்தில் பிழைப்பவர். கோயில்களின் பேரிகை முதலிய கருவிகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுப்பதைத் தொண்டாகச் செய்கிறவர். கோயிலுக்குள் நுழைய முடியாதவரின் கையிலிருந்தே கோயில் இசைக்கருவிக்கு உயிர் வருகிறது. இந்தக் கதையில் கொடுமைக்கார எஜமான் யாரும் இல்லை.

அந்த எஜமானைப் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார், சொல்லும் மெட்டும் தாமே ஆக்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு வாக்கேயக்காரர், தியாகராஜரை நேரில் பார்த்தவர். அவருடைய ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’யில்தான் வேதியர் வருகிறார். நந்தன் அவரிடம் பண்ணையாள். சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கெஞ்சுகிறான். நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் நட்டு முடிக்கச் சொல்கிறார் எஜமான். இதில் எதுவும் பெரியபுராணத்தில் இல்லை. பாரதியார் தம் நூலுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சிறப்புப் பாயிரம் கேட்டு அலைந்ததை உ.வே.சா. எழுதியிருக்கிறார். இலக்கண வழுக்கள் ஒரு காரணம், பெரியபுராணத்துக்கு மாறாகக் கதை கட்டியது இன்னொரு காரணம். பிள்ளை நாளைக் கடத்திக்கொண்டே இருந்தார். கடைசியில் திண்ணையில் உட்கார்ந்து பாரதியார் பாடியதைக் கேட்டு மனம் கரைந்து பாயிரம் கொடுத்தார். வரலாற்றுக்கு உண்மையா, கலைக்குச் சுதந்திரமா என்று இன்று நாம் பேசுவதை மாயூரத்துத் திண்ணை ஒன்று அன்றே பேசி முடித்துவிட்டது. தீர்ப்பு பாட்டின் பக்கம் போயிற்று.

அந்தத் தீர்ப்பு சரிதான் என்பது என் எண்ணம், ஒரு குறையோடு. பாரதியாரின் கற்பனை சேக்கிழார் காலத்துக்குப் பொய். பாரதியார் வாழ்ந்த தஞ்சைச் சீமைக்கு அது அப்பட்டமான உண்மை. நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாள், உத்தரவில்லாமல் ஊர் தாண்ட முடியாத ஆள், மிராசுதாரின் அடாத கணக்கு ஆகியவற்றை அவர் எந்தப் புராணத்திலும் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரில் பார்த்ததைப் பாடினார். 1935இல் கே.பி. சுந்தராம்பாள் ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில் நந்தனாராக நடித்த படமும், அதில் வேதியராக வந்த மகாராஜபுரம் விசுவநாதய்யரும், 1942இல் ஜெமினி தண்டபாணி தேசிகரை வைத்து எடுத்த ‘நந்தனா’ரும் பாரதியாரின் வழியில்தான் போயின. சேக்கிழாரின் வழியில் யாரும் போகவில்லை.

குறை என்று சொன்னது இதைத்தான். பண்ணையாள் நந்தன் நிலைத்தபின், இசைக்கருவிக்குத் தோலும் நரம்பும் செய்த நந்தன் மறந்துபோனான். மிருதங்கத்தின் இருமுகமும் பசு, ஆடு, எருமைத் தோலால் ஆனவை. அவற்றைச் செய்பவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா 2020இல் தனி நூலே எழுத வேண்டியிருந்தது. கருவி செய்பவரை நாயகராக்கும் வாய்ப்பு எண்ணூறு ஆண்டுகளாகப் பெரியபுராணத்தில் காத்திருக்கிறது. இங்கே தவறவிட்டது ஆண்டு, தேதி அல்ல. சங்கீதம் யார் கையால் நடக்கிறது என்ற செய்தி. தாராவியில் வளரும் ஒரு பிள்ளைக்கு அந்தச் செய்தி, நந்தன் தீயில் இறங்கிச் சோதியில் கலக்கும் காட்சியைவிட அதிகம் பயன்படும்.

ஒரு வாக்கேயக்காரரைப் பற்றிய படம் வரும்போதே அவர் வாக்கேயக்காரர்தானா என்ற சண்டை நடந்ததும் உண்டு. லெனின் ராஜேந்திரன் இயக்கி அனந்த் நாக் நடித்த மலையாளச் ‘சுவாதித் திருநாள்’ 1987இல் வந்தது. 1829 முதல் 1846 வரை திருவிதாங்கூரை ஆண்டு 33 வயதில் இறந்தவர் அந்த மன்னர். இங்கே அரசரும் பாடகரும் ஒரே ஆள் என்பதால் பழைய அச்சு உடைந்துபோகிறது. ஆங்கிலேய ரெசிடெண்ட் கல்லனின் தலையீட்டுக்கு நடுவே அதிகாரம் கைநழுவிப்போகும் ஓர் இளைஞரைப் படம் காட்டுகிறது. அந்த வகையில் இது நம் இசைப்படங்களில் முதிர்ச்சியானது. அதே பத்தாண்டில் வீணை எஸ். பாலசந்தர், சுவாதித் திருநாள் வாக்கேயக்காரரே அல்ல, அந்தப் புகழ் பின்னாளில் கட்டியெழுப்பியது என்று செம்மங்குடி சீனிவாசய்யரைக் குறிவைத்துப் போர் தொடுத்திருந்தார். பாலசந்தர் யார்? 1954இல் பாட்டே இல்லாமல் ‘அந்த நாள்’ எடுத்த இயக்குநர். ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் கதை அது. சினிமாக்காரர் சங்கீதக்காரர்களிடம் ஆதாரம் கேட்டார் என்பது அந்தச் சண்டையின் வேடிக்கை.

பாலசந்தர் சொன்னதை முழுக்க என்னால் ஏற்க முடியவில்லை. மன்னரின் சாகித்தியங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சில் இருந்தன. ஆனால் அவர் தொட்ட இடம் வலிக்கும் இடம். பல பாடல்களுக்கு மெட்டு தொடர்ச்சியாக வரவில்லை. 1930களிலும் பிறகும் முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் அவற்றுக்கு வர்ணமெட்டு அமைத்தும் செப்பனிட்டும் மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே 1840இல் நடக்கும் காட்சியில் நாம் கேட்பது பல இடங்களில் இருபதாம் நூற்றாண்டு மேதைகளின் கைவண்ணம். அதைச் சொல்வதால் யாருக்கும் இழுக்கில்லை. மகாராஜாவுக்கும் செம்மங்குடிக்கும் நடுவே நூறாண்டு தாண்டி நடந்த கூட்டு வேலை அது. அப்படியே ஒரு படம் எடுத்தால் நான் முதல் ஆளாகப் போய்ப் பார்ப்பேன்.

மேற்கே இந்த விவாதம் எழும்போதெல்லாம் மிலோஷ் ஃபோர்மனின் ‘அமடேயஸ்’ (1984) முன்னால் வந்து நிற்கும். சலியேரி மோட்ஸார்ட்டுக்கு விஷம் வைத்தார் என்ற வதந்தியை 1830இலேயே புஷ்கின் நாடகமாக்கினார். பீட்டர் ஷாஃபரின் 1979 நாடகமும் அதிலிருந்து வந்த படமும் அந்தக் கிளையில் பூத்தவை. வரலாற்றுச் சலியேரி பெத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் லிஸ்ட்டுக்கும் பாடம் சொன்னவர், மோட்ஸார்ட்டின் மகனுக்கும் ஆசிரியர். இருவரும் சேர்ந்து 1785இல் எழுதிய ஒரு பாட்டு பிராகா நகரில் கிடைத்ததாக 2016இல் அறிவித்தார்கள். படத்தில் சாகக் கிடக்கும் மோட்ஸார்ட் சொல்லச் சொல்லச் சலியேரி ‘ரெக்வியம்’ இசையை எழுதிக்கொள்கிறார். சம்பவம் முழுப் பொய். மீதியை எழுதி முடித்தவர் ஸூஸ்மாயர். ஆனால் அந்தக் காட்சியில் முதலில் ஆண்குரல், பிறகு ஊதுகருவி, பிறகு தந்திகள் என்று ஒவ்வொன்றாக அடுக்கி, கடைசியில் எல்லாம் ஒன்றாக ஒலிக்கும்போது, இசை தெரியாதவருக்கும் ஓர் இசையமைப்பாளரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது புலப்படுகிறது. தவிர, முழுக்கதையும் பைத்தியக்கார விடுதியில் இருக்கும் ஒரு கிழவர் சொல்வது. நம்ப வேண்டாம் என்று படமே நமக்குக் கண்ணைக் காட்டிவிடுகிறது. நம் படங்களோ ‘சரித்திரம்’ என்று தொடங்குகின்றன, பாட்டு உருவாகும் இடத்தில் கண்ணை மூடிக்கொள்கின்றன. பொறாமைப்பட வேண்டிய வேறுபாடு இது.

நம் வாக்கேயக்காரர்களைப் படமெடுக்க நினைப்பவர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். மகான் கதைகளை விட்டுவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவையும் நம் சொத்து. மதுரைக்குப் போய் வாலாஜாப்பேட்டைச் சுவடிகளைப் பற்றி விசாரித்துவிட்டு, ஒரே கீர்த்தனையை மூன்று பாடாந்தரத்தில் கேட்டுவிட்டுத் திரைக்கதையில் உட்காருங்கள். படம் முடிந்து பெயர்கள் ஓடும் நேரத்தில் ஒரு நிமிடம் ஒதுக்கி, இந்தக் காட்சி சீடரின் குறிப்பிலிருந்து, இது காலட்சேபத்திலிருந்து, இது எங்கள் கற்பனை, இந்த மெட்டு இன்னாருடையது என்று போட்டுவிடுங்கள். மும்பைச் சபாக்களுக்கும் ஒரு வார்த்தை: தியாகராஜ ஆராதனை வாரத்தில் ஒரு மாலை நாகையாவின் படத்தைத் திரையிட்டு, பக்கத்தில் ஒரு வித்வானையும் ஒரு வரலாற்று ஆசிரியரையும் உட்கார வைத்துப் பேசவிடலாம். அந்த மாலைக்குத் தாராவித் தோல் தொழிலாளர்களையும் மிருதங்கம் செய்பவர்களையும் முன்வரிசைக்கு அழையுங்கள்.